கருவாட்டுப் பானையில் ஒரு புத்தகம்

பூனைகள் நூலகத்துக்கு வருவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் பின்னாலேயே மூன்று வந்தன.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்புறம் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது எங்கள் நூலகம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் அதே தாவணியைக் கட்டிக்கொண்டு, நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி படியேறினேன். பூனைகளும் ஏறின. "ச்சூ, போ சனியனே!" என்று காலை உதறினேன். நின்றன. நான் அடுத்த படியில் கால் வைத்ததும் அவையும் வைத்தன.

உள்ளே என் வயதுப் பையன்களும் பெண்களும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் கமிட்டி உறுப்பினர் வரதராஜுலு. துறைமுக ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் நாமம், மடியில் குடை. நான் உள்ளே நுழைந்ததும் அவர் மூக்கு நிமிர்ந்தது.

"என்னய்யா நாத்தம் இது?"

நூலகர் சபாபதி மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே சார்."

அவர் பொய் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். எங்கள் கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல், வந்த நாள் முதல் அவருக்கு ஜலதோஷம். ராயபுரம் மீன் மார்க்கெட்டை அவரைப் போல நிம்மதியாகக் கடந்துபோன சைவர் இன்னொருவர் கிடையாது.

நான் அங்கேயே நிற்கட்டும், பூனைகளோடு. அந்தப் புத்தகத்துக்கு அந்த வாசனை எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

பேச வராத நூலகர்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன சமயம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். போன வாரம் எங்கள் டிராயிங் மாஸ்டரைப் பற்றி எழுதியதற்கே, வருஷம் தப்பு என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். ஐயா, எனக்கு வருஷம் ஞாபகமில்லை, மாஸ்டரின் சொத்தைப் பல் ஞாபகமிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு படியுங்கள்.

நூலகம் என்றால் அப்போது பெரியவர்கள் பேப்பர் படிக்கும் இடம். ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கையிலிருக்கும் தாள் எப்போது வரும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களைப் போன்ற இரண்டுங்கெட்டான் வயசுக்காரர்களுக்கு அங்கே வேலையில்லை. படம் பார்க்கும் வயது தாண்டிவிட்டது, பேப்பர் படிக்கும் வயது வரவில்லை. எட்டிப் பார்த்தால், "பள்ளிக்கூடப் பாடம் படிச்சாச்சா?" என்று கேட்டுத் துரத்துவார்கள்.

சபாபதி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையை எங்களுக்கென்று ஒதுக்கினார். ஆனால் அவருக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. காது சிவந்துவிடும். முதல் ஞாயிறு எழுந்து நின்று, "நீங்கள் எல்லாம்..." என்று ஆரம்பித்து, தும்மி, உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார், "நீங்களே பேசுங்களேன்."

அதுதான் பிடித்துக்கொண்டது. துறைமுகத்திலிருந்து வந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தவர் அதன்மேல் ஏறி நின்று மற்றவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்யவேண்டும். கேட்பவர்களில் யார் முதலில் கை தூக்குகிறார்களோ அவருக்குப் புத்தகம். ஒரே ஒரு சட்டம், முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னவர் அன்றைக்கு அலமாரி முழுவதையும் துடைக்கவேண்டும்.

இதில் மன்னன், தண்டையார்பேட்டைக் கயிற்றுக் கடைக்காரர் மகன் ரஹீம். துப்பறியும் கதை தவிர வேறு எதையும் தொடமாட்டான். பெட்டியில் ஏறி, "கொலை பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். படிச்சிட்டு வந்து என்னைத் திட்டுங்க" என்பான். இறங்கிவிடுவான். அவ்வளவுதான் பேச்சு. அத்தனை கையும் மேலே போகும். ரயில்வே குவார்ட்டர்ஸ் சுலோச்சனா இருக்கிறாளே, அவள் கதாநாயகியின் கொள்ளுப்பாட்டியிலிருந்து தொடங்குவாள். பாவம், அவள் சொன்ன புத்தகத்தை அவளே திருப்பி எடுத்துக்கொண்டு போவாள்.

இப்போது பத்திரிகைகளில் 'இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டியவை' என்று போடுகிறார்கள். அவசியம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எந்தப் பிள்ளை படிக்கும்? எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு ரஹீமைக் கூப்பிட்டுப் பெட்டிமேல் ஏற்றுங்கள், போதும்.

குப்பத்துக்குக் கிடையாது

எல்லாம் சரி, ஆனால் எங்களுக்கு ஒரு குறை இருந்தது. மீனவர் குப்பத்திலிருந்து வருகிற என்னைப் போன்ற பிள்ளைகள் புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நாங்கள் கை தூக்கினால் கணக்கில் வராது. ரஹீம் பெட்டியில் ஏறி ஆசை காட்டிவிட்டு இறங்குவான். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

தடை போட்டவர் வரதராஜுலு. "ஓலைக் கூரை, ஈர மணல், மீன். புத்தகம் உருப்படுமா?" என்பார். அவரைப் பொல்லாதவர் என்று நினைக்கவேண்டாம். அந்த அலமாரியிலிருந்த பாதிப் புத்தகங்கள் அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தவை. ஒவ்வொன்றுக்கும் தன் கையால் அட்டை போட்டவர். பெற்ற பிள்ளையைப் போல அவற்றைப் பார்த்துக்கொள்வார். ஆனால் எங்களுக்கு அவர் எமன்தான்.

ஒரு நாள் சபாபதி காது சிவக்கச் சிவக்க அவரிடம் பேசினார். என்ன பேசினாரோ, கடைசியில் வரதராஜுலு இறங்கி வந்தார். ஒரு பிள்ளைக்கு, ஒரு புத்தகம், ஒரு தடவை. சேதமில்லாமல் திரும்பி வந்தால் குப்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுக்கலாம். சேதமானால் அத்தோடு சரி.

கை தூக்கியதில் நான் முந்தினேன். கிடைத்தது நீல அட்டைப் புத்தகம். அம்மாவிடம் சொல்லாமல் கப்பலில் ஒளிந்துகொண்டு போய்விடுகிற ஒரு பையனின் கதை.

அன்றைக்கு வீடு வரைக்கும் குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைச் சுற்றி வந்தார்கள். "வசந்தா, கீய போட்டுடாத!" "வசந்தா, எண்ணெ கையால தொடாத!" ஏதோ சாமி தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. எல்லோருடைய புத்தகமும் என் கையில்தான் இருந்தது.

அம்மா கேட்ட கதை

என் அம்மா தேசம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவாள். விற்காமல் மிஞ்சியதைச் சாயங்காலம் கீறி, கல்லுப்புப் போட்டுப் பானையில் அடுக்கி, மேலே கல்லை வைத்து மூடுவாள். அப்புறம் வெயிலில் காயும். கருவாடு.

அவள் மீன் கீறுகிற நேரம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தள்ளி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். முதல் நாள் அவள் காதிலேயே வாங்கவில்லை. இரண்டாம் நாள் கத்தி நின்றது.

"இன்னாடி அது? கீயக்காத்து அடிக்கசொல்ல பாய அவுக்கறானா? எவன் எழுதனது இத்த? கட்டுமரம் ஏறிகீறானா அவன்?"

அதற்குப் பிறகு தினமும் சண்டை, எழுதினவரோடு. மாலுமிகள் கயிறு கட்டியது சரியில்லை, நங்கூரம் போட்ட இடம் சரியில்லை. எல்லாவற்றையும்விட ஒரு விஷயத்தில் அவளுக்கு அடங்காத கோபம்.

"பெத்தவ கரையில நின்னுகினு கீறா. அவ சோறு துண்ணாளா, தூங்கனாளா, ஒரு வார்த்த எழுதனானா? கப்பலப் பத்தி மட்டும் பக்கம் பக்கமா எழுதிகீறான், பேமானி."

"நிறுத்திடவாம்மா?"

"நிறுத்தனா முதுகுல வெப்பேன். மேல படி."

காற்று எழும்புகிற நாட்களில், என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, கட்டுமரத்தில் போயிருக்கும்போது, அம்மா மணலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். அந்தக் கோபம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

படிக்காத நேரத்தில் புத்தகத்தை எங்கே வைப்பது? தரையில் ஈரம், பெட்டியில் எலி. அம்மாவே யோசித்து, தயிர்ச் சட்டி தொங்கும் உறியில், துணியில் சுற்றி வைத்தாள். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான்.

"பானைல கீது"

கடைசி அத்தியாயம் பாக்கியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்படியொரு காற்று. எங்கள் கூரையில் உறிக்கு நேர் மேலே இருந்த ஓலையைத்தான் அது பிய்த்துக்கொண்டு போகவேண்டுமா? வீட்டில் வேறெங்கும் ஒழுகவில்லை, அங்கே மட்டும் கொட்டோகொட்டென்று கொட்டியிருக்கிறது.

நான் நனைந்துகொண்டு ஓடி வந்தேன். உறியில் புத்தகம் இல்லை.

"அம்மா, புஸ்தகம் எங்கே?"

"பானைல கீது."

"எந்தப் பானையில?"

"கருவாட்டுப் பானைலதான். வேற இன்னா பானை கீது நம்ம வூட்ல?"

மூடியைத் திறந்தேன். கல்லைத் தூக்கினேன். கீறி அடுக்கிய வாளை மீன்களுக்கு மேலே நீல அட்டை. ஒவ்வொரு தாளுக்கும் நடுவே கை நிறையக் கல்லுப்பு. ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அம்மாவுக்கு என் அழுகை விளங்கவேயில்லை. "இன்னாத்துக்கு இப்ப கூவற? தண்ணி பட்ட பொருளு அழுகாம இருக்கணும்னா உப்பு போடணும், அப்பறம் வெயில்ல போடணும். மீனுக்கே அதான், கடுதாசிக்கு இன்னா?"

அவள் விளையாட்டுக்குச் செய்யவில்லை. மழையில் தன் தலை நனைவதைக்கூடப் பார்க்காமல், மீன் கெடக் கூடாது என்பதற்கு என்ன செய்வாளோ அதை ஒரு தாள் விடாமல் செய்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அவளைத் திட்டவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் நான் மூலையில் உட்கார்ந்து தேம்பினேன்.

வெயில் வந்ததும் மணலில் பழைய வலையை விரித்து, வாளைகளுக்கு நடுவே புத்தகத்தையும் பிரித்துப் போட்டாள். காக்கை ஓட்ட என் தம்பி. போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"இன்னா தேசம்மா, புதுசா கீது? இன்னா மீனு?"

"இஸ்கோல் மீனு. நீ உன் வேலயப் பாத்துகினு போ."

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அதை வலையிலிருந்து எடுத்தோம். அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது. ஆனமட்டும் தட்டினேன், உதறினேன். கடைசி அத்தியாயத்தைப் படிக்க நேரமில்லை, திருப்பிக் கொடுக்கிற கெடு அன்றைக்குத்தான். பூனைகள் புடைசூழப் புறப்பட்டேன்.

உப்பும் ஹெட் கிளார்க்கும்

வரதராஜுலு கையை நீட்டினார். கொடுத்தேன். முகத்துக்கு அருகே கொண்டுபோய், சட்டென்று விலக்கினார். பிரித்தார். கலகலவென்று உப்பு அவர் வேஷ்டியில் கொட்டியது.

"உப்பு!" என்றார். இன்னொரு பக்கம் பிரித்தார். அங்கேயும் உப்பு. "ஏம்மா, புத்தகத்தை ஊறுகாயா போட்டீங்க?"

"மழையில நனைஞ்சிடுச்சு சார். கூரை பிச்சுக்கிச்சு. அம்மா காய வெச்சாங்க."

பெஞ்சுகளில் சிரிப்பு. குப்பத்துப் பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை.

"சபாபதி, நான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இன்னியோட முடிஞ்சது. குப்பத்துக்கு வீட்டுக்குப் புத்தகம் கிடையாது."

அப்போதுதான் வாசலில் கூடை இறங்குகிற சத்தம் கேட்டது. அம்மா. விற்கப் போகிற வழியில் என் பின்னாலேயே வந்திருக்கிறாள். பூனைகள் என்னை விட்டுவிட்டு வெளியே போயின.

"அய்யா, பொண்ண திட்டாதீங்கோ. உப்பு போட்டது நானு."

"புத்தகத்துக்கு யாராவது உப்பு போடுவாங்களாம்மா?"

"நனைஞ்சா வேற இன்னா பண்றது?"

"நனைய விடக் கூடாது."

"அத்த மழையாண்ட சொல்லுங்கோ," என்றாள் அம்மா. "கெட்டுப்போச்சுன்றீங்களே, ஒரு எழுத்து அழிஞ்சி கீதா? படிச்சிப் பாருங்கோ."

வரதராஜுலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை மாட்டினார். கடைசிப் பக்கங்கள்தான் ரொம்ப நனைந்திருக்கும் என்று அங்கே பிரித்து, சேதத்தை நிரூபிக்கிற வேகத்தில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரி சரியாக இருந்தது. அடுத்த வரியும் சரியாக இருந்தது. ஒட்டியிருந்த தாளை நகத்தால் மெல்லப் பிரித்து, அதையும் படித்தார். புயல் ஓய்கிறது. தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிகிறது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் பார்த்த மனிதர் அல்லவா? குரல் தானாக மாறிவிட்டது. இப்போது அவர் சேதம் தேடவில்லை, படித்துக்கொண்டிருந்தார். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிறது, பையன் மேல்தளத்துக்கு ஓடி வந்து கரையில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்கிறான்...

"சார்! முடிவு வரப்போவுது!" ரஹீம் துள்ளி எழுந்தான்.

அவ்வளவுதான். "முடிவு சொல்லக் கூடாது! சொன்னா அலமாரி தொடைக்கணும்!" என்று பெஞ்சுகள் அலறின.

"அடப் பாவிங்களா, கம்முனு இருங்கடா! பெரியவரு படிக்கட்டும்!" என்று அம்மா அதற்கு மேல் கத்தினாள்.

வரதராஜுலு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இந்தக் கதையை நீ கேட்டிருக்கியாம்மா?"

"அல்லாத்தையும் கேட்டேன். கடேசிதான் பாக்கி. அவன் ஆத்தா அங்க வந்து நிக்கிறாளா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் குனிந்து, மனசுக்குள் சில வரிகள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தை மூடினார்.

"சொல்லக் கூடாதாமே. இந்த வயசுல என்னால அலமாரி துடைக்க முடியாது." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு வேணும்?" என்று கேட்டார்.

ரஹீம் கை தூக்கினான். சுலோச்சனா தூக்கினாள். கருவாட்டுப் புத்தகம் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் எல்லோருக்கும் முன்னால் வாசல் பக்கத்தில் ஒரு கை உயர்ந்திருந்தது. மீன் செதில் ஒட்டிய கை.

"எழுதிக்குங்க சபாபதி, பொண்ணு பேர்ல."

"இப்பத்தானே குப்பத்துக்குக் கிடையாதுன்னு சொன்னீங்க சார்?"

"சொன்னேன். இப்ப இதையும் சொல்றேன். இனிமே எல்லாப் பிள்ளைங்களுக்கும் குடுங்க."

குப்பத்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓடு பறந்திருக்கும். வரதராஜுலு குடையை ஊன்றி எழுந்தார். அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது, "மறுபடி நனைஞ்சா உப்பு போடாதே" என்றார்.

"வேற இன்னா போடறதுங்கோ?"

அவர் யோசித்தார். சபாபதியைப் பார்த்தார். சபாபதி தும்மினார்.

"சரி, கொஞ்சமாப் போடு."

மழைக்கு முன்னால் வேர்க்கும்

உப்பு ஏறிய கடுதாசி சும்மா இருக்குமா? அந்தப் புத்தகம் அதற்கப்புறம் முழுசாகக் காயவேயில்லை. மேகம் கூடினால் போதும், அட்டையில் வேர்வை பூத்துவிடும். சபாபதி கிளம்புவதற்கு முன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அம்மாவின் வைத்தியம் அரை வைத்தியம்தான் என்று அவளிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா?

ஆனால் அந்த அலமாரியில் அதைப் போல ஓடிய புத்தகம் வேறு இல்லை. ரஹீமே துப்பறியும் கதையை விட்டுவிட்டு அதைச் சிபாரிசு செய்தான். "மோந்து பார்த்துட்டுப் படிங்க" என்று பெட்டிமேல் நின்று சொன்னான். இறங்கிவிட்டான்.

அன்றைக்கு நூலகத்தை விட்டு வெளியே வந்தபோது, கூடையில் பூனைகள் வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தன. அம்மா அவற்றை வைதாள், ஆனால் மனசு அதில் இல்லை. கல்மண்டபத்து நிழலில் கூடையை இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"படி."

"வூட்டுக்குப் போயி..."

"இங்கியே படி."

படித்தேன். நடுவில் யாரோ ஓர் அம்மா வந்து, "காரப்பொடி மீன் இருக்கா?" என்று கேட்டாள். "இரும்மா, கப்பலு கரை சேரட்டும்" என்று அம்மா கையமர்த்தினாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கரையில் அந்தப் பையனின் தாய் நின்றிருந்தாளா என்று நான் இங்கே எழுதமாட்டேன். சட்டம் சட்டம்தான், எனக்கும் அலமாரி துடைக்கிற வயது போய்விட்டது. படித்து முடித்து நிமிர்ந்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். கடல் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, மீனு இன்னும் விக்கலியே!"

"உப்பு போட்டுக்கலாம், வா. நைனா கரைக்கு வர நேரம்."